சுங்கை சிப்புட் மாடி வகுப்பில் உளவியல் நேர்காணல் பயிற்சி: ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள கடைவீடு ஒன்றின் மாடியில், எஸ்.பி.எம். எனப்படும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் டியூஷன் நிலையம் ஒன்று சில காலமாக வேறொரு வகுப்பையும் நடத்தி வருகிறது. உளவியலில் இளங்கலைப் பட்டம் முடித்து, மருத்துவ உளவியலிலோ ஆலோசனைத் துறையிலோ முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்திருப்பவர்களை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு அது. நான்கு சனிக்கிழமைகள், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, கட்டணம் 480 ரிங்கிட். என் அக்காள் மகள் இவ்வாண்டு அதில் சேர்ந்தாள். நான் பள்ளி ஆலோசக ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நேர்காணல் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போட்ட பழக்கமும் உண்டு. அதனால் நிலையப் பொறுப்பாளரின் அனுமதியோடு பின்வரிசையில் அமர்ந்து எல்லா வகுப்புகளையும் பார்த்தேன். பணம் கட்டலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது சனிக்கிழமை அந்த 480 ரிங்கிட்டில் பெரும்பகுதிக்குத் தகுதியானது. முதல் சனிக்கிழமை நன்று. இரண்டாவதை நீக்கிவிட்டால் வகுப்பு இன்னும் சிறக்கும். நான்காவதைத் திருத்தி அமைக்க வேண்டும்.

இத்தகைய வகுப்பு ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ நடந்தால் யாரும் வியக்கமாட்டார்கள். எல்பில், டோவன்பி, ஹீவுட் என்று தோட்டங்களின் பெயராலேயே தமிழ்ப்பள்ளிகள் அறியப்படும் இந்த ஊரில் நடப்பதுதான் கவனத்துக்குரியது. இங்கே ஒரு பெண் உளவியல் படிக்கிறேன் என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் முதலில் எழுவது தஞ்சோங் ரம்புத்தான்தான். 1911இல் தொடங்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனை, பஹாகியா மருத்துவமனை என்று பெயர் மாறிய பின்னும், நம் பேச்சில் இன்றுவரை கேலிக்கும் வசைக்கும் பயன்பட்டு வருகிறது. அந்தக் கேலியைத் தாண்டிப் பட்டம் வாங்கியவர்களுக்கு அடுத்த தடை, பட்டம் மட்டும் போதாது என்பது. ஆலோசகராகத் தொழில் செய்ய 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்; மருத்துவ உளவியலாளரோ 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறார். மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமென்றால் முதுகலைப் படிப்பைத் தவிர வேறு வழியில்லை. யூ.கே.எம். போன்ற பொதுப் பல்கலைக்கழகமாயினும் ஹெல்ப் போன்ற தனியார் பல்கலைக்கழகமாயினும், நேரடியாக நோயாளிகளைப் பார்க்கவைத்து மேற்பார்வை செய்ய வேண்டிய படிப்பு என்பதால் ஓர் ஆண்டில் சேர்க்கும் எண்ணிக்கை குறைவுதான். நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் பலர் சில இடங்களுக்காக வந்து நிற்கும்போது, அவர்களைப் பிரிக்கும் கத்தி நேர்காணலாகிவிடுகிறது. ஆசிரியர் படிப்புக்கான மெட்சி தேர்வையும் நேர்காணலையும் கடந்து வந்த அண்ணன் அக்காமார் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பார்கள். உளவியல் முதுகலை நேர்காணலுக்குப் போய்வந்து அனுபவம் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் கிடைப்பது அரிது. அந்த வெற்றிடத்தைத்தான் இந்த நிலையம் நிரப்ப முயல்கிறது.

முதல் சனிக்கிழமை பாடம் எடுத்தவர், ஈப்போவில் பணிபுரியும் ஓர் இளம் மருத்துவ உளவியலாளர். எப்படிப் பதில் சொல்வது என்று தொடங்காமல், நேர்காணல் என்பது எந்த அளவுக்கு நம்பத்தக்க கருவி என்ற கேள்வியிலிருந்து அவர் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. ஹியூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் நடந்ததை விரிவாகச் சொன்னார். அப்பள்ளி 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்த நேரத்தில், இன்னும் 50 பேரைச் சேர்க்கும்படி மாநிலச் சட்டமன்றம் பணித்தது. நல்ல இடங்களில் இருந்தவர்கள் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டதால், நேர்காணலில் கடைசி இடங்களுக்குத் தள்ளப்பட்டவர்களிலிருந்தே அந்த 50 பேரை எடுக்க வேண்டியதாயிற்று. படிப்புக் காலம் முழுவதும், அதன்பின் முதலாண்டு மருத்துவப் பயிற்சியிலும் இரு பிரிவினரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. 1987இல் வெளியான அந்த ஆய்வைக் கேட்டதும் வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஏற்கெனவே ஒருமுறை நிராகரிக்கப்பட்டவர்கள் அங்கே சிலர் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் சற்றே தெளிவு வந்ததைக் கண்டேன். அந்த ஒரு செய்திக்காகவே முதல் நாளுக்குப் போகலாம் என்பேன்.

அங்கிருந்து அவர், மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கும் வரையறுத்து நடத்தும் நேர்காணலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வந்தார். வரையறுத்த நேர்காணலில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில் கேட்கப்படும். எந்தப் பதிலுக்கு ஒன்று, எந்தப் பதிலுக்கு ஐந்து என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தந்த இடத்திலேயே மதிப்பெண் போடப்படும். இதைப் புரிந்துகொண்ட மாணவர், எதிரே இருப்பவர் சிரிக்காமல் குறிப்பெழுதிக்கொண்டே இருப்பதைக் கண்டு கலங்கமாட்டார். ‘அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலும்’ என்று பாதியில் சோர்ந்துபோகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கறாரான முகம், முறையாக நடக்கும் நேர்காணலின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதை யாராவது ஒருவர் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், இவர் சொன்னார்.

ஒரு குறை உண்டு. திரையில் காட்டிய பக்கத்தில், வரையறுத்த நேர்காணலின் கணிப்புத் திறன் 0.51 என்றும் வரையறுக்காததன் திறன் 0.38 என்றும் இருந்தது. இவை உளவியல் ஆய்வாளர்களான ஷ்மிட், ஹண்டர் ஆகியோர் 1998இல் தொகுத்த கணக்குகள். நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பின்னாளைய பணித்திறனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுபவை; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. பழைய கணக்கில் செய்யப்பட்ட புள்ளியியல் திருத்தங்கள் மிகையானவை என்று வாதிட்டு, பால் சாக்கெட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2022இல் அவற்றை 0.42, 0.19 என்று குறைத்துக் காட்டினார்கள். இரண்டு எண்களும் இறங்கினாலும் அவற்றுக்கிடையிலான இடைவெளி கூடியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே புதிய கணக்கைக் காட்டினால் ஆசிரியரின் வாதம்தான் வலுப்பெறும். மேலும் இவை பெரும்பாலும் வேலைக்கு ஆள் எடுப்பது பற்றியவை. உளவியல் பயிற்சி மாணவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாகாது. இடைவேளையில் இதைச் சொன்னபோது அவர் உடனே குறித்துக்கொண்டார்.

இரண்டாவது சனிக்கிழமை வந்தவர் வேறொருவர். நேர்காணல் கலை பயிற்றுவிப்பவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். எல்லாருக்கும் சுருள் கம்பியிட்ட கையேடு ஒன்று கிடைத்தது. அதில் கேள்விகளும் அவற்றுக்கான ‘சிறந்த விடைகளும்’ ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சிடப்பட்டிருந்தன. ‘ஏன் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்குக் கொடுத்திருந்த விடையைப் படித்துத் திகைத்தேன். குடும்பத்தில் ஒருவர் மனநோயால் துன்புற்றார், அதைக் கண்டு மனம் உருகினேன், அன்றே இத்துறைக்கு வர உறுதி பூண்டேன் என்று போகிறது அந்த விடை. அப்படி யாரும் இல்லாதவர்கள் அண்டை வீட்டாரை வைத்துச் சொல்லலாம் என்று அடிக்குறிப்பு வேறு. உளவியல் படிப்புக்குத் தேர்வு செய்ய அமர்ந்திருப்பவர்கள், பிறர் சொல்வதில் எது பட்டறிந்தது, எது ஒட்டவைத்தது என்று கேட்டுப் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒரே நாளில் இதே கதையைப் பலரிடம் கேட்டு அலுத்திருப்பார்கள். உண்மையில் அத்தகைய துயரத்தைச் சுமந்து வரும் பிள்ளையின் சொல்லும் அந்த அலுப்பில் மதிப்பிழந்துபோகும். எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான். அப்படி ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதெல்லாம், எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது, அந்த அனுபவம் தன் பணியில் எப்போது உதவும், எப்போது கண்ணை மறைக்கும் என்பவைதாம். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மனப்பாட விடைகளால் பயன் உண்டா என்பதும் ஊகத்துக்கு விடப்பட்ட கேள்வியன்று. ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பித்தவர்களை வைத்துச் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி வகுப்புகளுக்குப் போனவர்கள் அப்பள்ளியின் நேர்காணல் சுற்றில் மற்றவர்களை முந்தவில்லை என்றே தெரியவந்தது. அன்று பிற்பகல் முழுவதும் உடை, கைகுலுக்கல், நாற்காலியில் அமரும் விதம் ஆகியவற்றில் கழிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சூழ்நிலை, பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் தன் அனுபவத்தை அடுக்கிச் சொல்லும் முறையைக் கற்றுத்தந்த ஒரு மணி நேரம் மட்டும் உருப்படியானது. தேவாரப் போட்டியில் இளைய மாணவர்களை வழிநடத்தியது, தோட்டத்துக் கோவில் திருவிழாவில் தொண்டர்களைச் சமாளித்தது போன்ற சொந்த அனுபவங்களைச் சொல்லத் தயங்கிய பிள்ளைகள், அவையும் சான்றுகளே என்று அந்த ஒரு மணி நேரத்தில் உணர்ந்துகொண்டார்கள்.

இனி மூன்றாவது சனிக்கிழமை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் மருத்துவ மாணவர் தேர்வுக்காக வடிவமைத்து 2004இல் அறிவித்த, மாணவர்கள் எம்.எம்.ஐ. என்று சுருக்கிச் சொல்லும் பல சிறு நேர்காணல் முறையை அன்று அப்படியே நடத்திக்காட்டினார்கள். ஒரே குழுவின் முன் நீண்ட நேரம் அமர்வதற்குப் பதிலாக, மாணவர் ஒவ்வொரு நிலையாகச் சுற்றி வருவார். கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் அட்டையைப் படிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்த அறை. ஒவ்வோர் அறையிலும் ஒரு புதிய மதிப்பீட்டாளர். முந்தைய அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது. ஓர் அறையில் தடுமாறியவர் அடுத்ததில் புதிதாகத் தொடங்கலாம். ஒருவரின் விருப்பு வெறுப்பு முழு முடிவையும் சாய்த்துவிட முடியாது. ரொனால்ட் ஹார்டன் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவ மாணவர்களின் செய்முறைத் திறனைச் சோதிக்க அறிமுகப்படுத்திய சுற்றுத் தேர்வுதான் இதற்கு முன்னோடி. மருத்துவத்தில் தொடங்கிய இம்முறையை இன்று பிற சுகாதாரத் துறைப் படிப்புகளும் கையாளுகின்றன. நம் நாட்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் முறையைத் தானே வகுத்துக்கொள்வதால், அழைப்புக் கடிதத்தில் எந்த முறை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குழு நேர்காணல் மட்டுமே நடக்கும் இடத்துக்குப் போகிறவருக்கும் இந்தப் பயிற்சி வீண்போகாது, ஏனென்றால் இதில் சோதிக்கப்படுவது ஒன்றேதான்: முன்பின் தெரியாத ஒருவரின் முன்னால், தயாரித்து வராத ஒன்றை எப்படி எதிர்கொள்கிறீர்கள் என்பது.

டியூஷன் நிலையத்தின் சிறு வகுப்பறைகள் ஆறும் ஆறு நிலைகளாயின. அவற்றில் மூன்றாம் அறையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நோயாளியாக நடிக்க, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டியை அழைத்து வந்திருந்தார்கள். அட்டையில் இருந்தது இது: தோட்டத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்துத் தாமானுக்கு, அதாவது புதிய குடியிருப்புப் பகுதிக்கு, குடிவந்த நாள் முதல் தலைபாரம், தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, மருத்துவமனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், மருமகளின் வற்புறுத்தலால் வந்திருக்கிறார். நோயைக் கண்டறிய வேண்டாம், அவரோடு பேசுங்கள். மூதாட்டிக்கு எழுதிக் கொடுத்த வசனம் இரண்டு மூன்று வரிகள்தாம். அதற்குப் பிறகு அவர் தம் போக்கில் பேசினார். மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்தக் கயிறு எழுதிக் கொடுத்ததா, அவருடைய சொந்தக் கயிறா என்று நான் விசாரிக்கவில்லை.

முதலில் போனவர்கள் கையேட்டு விடைகளைக் கையில் எடுத்தார்கள். ‘உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, அம்மா’ என்று ஒருவர் ஆரம்பித்ததும் மூதாட்டி, “வந்து ஒக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள என்னத்தப்பா புரிஞ்ச?” என்று கேட்டுவிட்டார். என் அக்காள் மகள் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ.-9 படிவத்தை மனத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூதாட்டி ஒவ்வொன்றுக்கும் ‘இல்ல’ என்று பதில் சொல்லி, ஐந்தாவது நிமிடத்தில் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். லிந்தாங்கிலிருந்து வந்த, ஆங்கிலம் சற்றுத் தடுமாறும் ஒரு பையன், அமர்ந்தபின் சிறிது நேரம் சும்மா இருந்தான். பிறகு கயிற்றைப் பார்த்து, “இது யாரு கட்டிவிட்டது பாட்டி?” என்றான். அவ்வளவுதான். பழைய தோட்டத்து முனியாண்டி கோவில், அங்கே பூசை செய்த கணவர், வீட்டைக் காலி செய்தபோது கோவிலை என்ன செய்வது என்று ஆளுக்கொரு பேச்சு, தாமானில் வாசலில் உட்கார்ந்தால் பேச ஆளில்லை என்று அந்த எட்டு நிமிடமும் போதாமல் போயிற்று. கயிற்றை மூடநம்பிக்கை என்று அவன் ஒதுக்கவும் இல்லை, அதற்குத் தலையாட்டிக் கும்பிடவும் இல்லை. உடல் நோவாக வெளிப்படும் துக்கத்தைக் கேட்பது எப்படி என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது. ஆயினும் மதிப்பீட்டாளர் அவனுக்கு ஒரு கூறில் குறைத்தே மதிப்பெண் கொடுத்தார். மணி அடிக்கப் போகிறது என்று தெரிந்தும் பேச்சை முறையாக முடித்துவைக்காமல், மூதாட்டியை வாக்கியத்தின் நடுவில் விட்டுவிட்டு எழுந்தான் என்பது காரணம். நியாயமான காரணம். திறந்துவிட்டதை மூடிவைக்கத் தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி.

மதிப்பெண்ணோடு மூதாட்டியின் கருத்தையும் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்புகள் பலவற்றின் தேர்வுக்குழுக்களில் மனநலச் சேவையைப் பெற்றவர்களும் அமர்கிறார்கள். அதன் சாயல் இங்கே தெரிந்தது. “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா போலீஸ்ல ரிப்போட் எடுக்குற மாதிரி கேட்டுச்சு” என்று என் அக்காள் மகளைப் பற்றி எழுதப்பட்டிருந்தது. “மாமா, இது ரொம்ப வலிக்குது, ஆனா சரிதான்” என்று சொல்லி, அந்தத் தாளைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மற்ற நிலைகளில் இரண்டைக் குறிப்பிடலாம். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கோபமாக வரும் தந்தையாக நடித்தார். பல்லாண்டு வார்டில் நின்ற அனுபவம் அவர் குரலில் இருந்தது. இன்னொன்றில், சக மாணவர் ஒருவர் நோயாளியின் விவரத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டார் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. அட்டவணையைப் படித்து விளக்கும் நிலையும் ஒன்று இருந்தது. எண்களைக் கண்டால் அஞ்சுபவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும். பின்னூட்டம் பெறும் நிலை ஒன்றும் இருந்திருக்கலாம். பயிற்சிக் காலம் முழுவதும் மேற்பார்வையாளரின் திருத்தங்களைக் கேட்டுத்தான் மாணவர் வளர வேண்டும். ஒரு சிறு பணியைச் செய்யவைத்து, குறையைச் சொல்லி, மறுபடி செய்யச் சொன்னால் ஒருவர் திருத்தத்தை எப்படி ஏற்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

இதோடு தொடர்புடைய ஓர் ஆய்வை நிலையத்தாரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். டிமொதி ஆண்டர்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 25 உளச்சிகிச்சையாளர்களுக்குக் கையாளக் கடினமான நோயாளிகளின் காணொளித் துண்டுகளைக் காட்டி, அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்தார்கள். பரிவு, நம்பிக்கையூட்டல், உறவில் விரிசல் வந்தால் சரிசெய்தல் முதலிய கூறுகளில் அந்தப் பதில்கள் மதிப்பிடப்பட்டன. அந்த மதிப்பெண் அவர்களிடம் சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் முன்னேற்றத்தோடு ஒத்துப்போயிற்று. தம் பழகும் திறனைப் பற்றித் தாமே எழுதிய படிவங்கள் ஒத்துப்போகவில்லை. இத்தகைய காணொளிப் பயிற்சிக்குத் திரையும் ஒரு மடிக்கணினியும் போதும், இரண்டும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டாவது சனிக்கிழமையின் கையேட்டைக் கைவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கலாம்.

நான்காவது சனிக்கிழமை மாதிரிக் குழு நேர்காணல். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் இருவரும் முதல் நாள் வந்த உளவியலாளரும் குழுவில் இருந்தார்கள். தலைமையாசிரியர்கள் மதிப்புக்குரியவர்கள், இந்த ஊரின் பல வீடுகளில் படித்தவர் உருவாக அவர்கள் காரணம். ஆனால் ‘அப்பா என்ன வேலை செய்கிறார், கல்யாணம் எப்போது?’ என்ற கேள்விகள் வந்தபோது சங்கடமாக இருந்தது. உண்மையான நேர்காணலில் அத்தகைய கேள்வி வந்தால் நயமாகத் திசைதிருப்புவது எப்படி என்று கற்றுக்கொடுத்திருந்தாலாவது பயன் இருந்திருக்கும். அதைவிடப் பெரிய குறை, மாணவர் வெளியே போனதும் மூவரும் முதலில் கலந்து பேசிவிட்டு அதன்பின் மதிப்பெண் எழுதியது. சரளமான ஆங்கிலம் பேசிய ஒரு மாணவிக்கு, ஆய்வு அறிவிலிருந்து நெறியுணர்வு வரை எல்லாக் கூறுகளிலும் ஏறக்குறைய ஒரே உயர்ந்த மதிப்பெண் வந்தது. இராணுவ அதிகாரிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இலேயே சுட்டிக்காட்டிய பழைய குறை இது. ஒரு நல்ல குணத்தின் ஒளி மற்ற எல்லாவற்றின் மீதும் படிந்துவிடுகிறது. உளவியலாளர் டேனியல் கானமன் 1955இல் இஸ்ரேல் இராணுவத்துக்காக ஆள்தேர்வு முறையை வகுத்தபோது, ஆறு பண்புகளைத் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் எழுதிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வைத்ததன் காரணம் இதுதான். முதல் சனிக்கிழமை வகுப்பில் இதை அழகாக விளக்கியவரே நான்காவது சனிக்கிழமை அந்தக் கலந்துரையாடலில் இழுபட்டுப் போனார். பெரியவர்களை மறுத்துப் பேசத் தயங்கியிருக்கலாம். மூவரும் தனித்தனியே எழுதி மடித்து வைத்த பின் பேசுவது என்று ஒரு விதி வைத்தால் போதும், யாருக்கும் மனவருத்தம் வராது.

மொழியைப் பொறுத்தவரை, குழு நேர்காணல் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருப்பவர்களுக்கு மலாயிலும் ஒரு சுற்று வைத்திருக்க வேண்டும்.

காணொளிப் பதிவு பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்களின் மாதிரி நேர்காணல்கள் ஒரு பயிற்றுநரின் சொந்தக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யப்பட்டன. சிலர் தம் குடும்பத்து மனநலப் பிரச்சினைகளைப் பற்றி அதில் பேசினார்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்கவில்லை, எப்போது அழிக்கப்படும் என்றும் சொல்லவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், அதுவும் இரகசியம் காப்பதை முதல் பாடமாகக் கொண்ட துறைக்கான வகுப்பில், இது பொறுத்துக்கொள்ளக்கூடியதன்று. பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வகுப்பிலிருந்து ஒப்புதல் படிவம் வரும் என்று சொல்லியிருக்கிறார். சேருபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் வசதியானதே. குளிர்சாதனம் வேலை செய்கிறது. கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் மதிய உணவு கிடைக்கும். சனிக்கிழமைச் சந்தை நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதுதான் சிரமம். ஒருவருக்கு எழுத்தில் தரும் பின்னூட்டம் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கிறது, தெளிவாகவும் இருக்கிறது. இளங்கலை இறுதியாண்டில் இருப்பவர்கள் அவசரப்பட்டுச் சேர வேண்டாம். மருத்துவமனையிலோ, ஆலோசனை மையத்திலோ, தொண்டு அமைப்பிலோ சிறிது காலம் பணி செய்துவிட்டு வந்தால், நேர்காணலில் சொல்ல ஏதாவது இருக்கும். ஏற்கெனவே அழைப்புக் கடிதம் கையில் வைத்திருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். முழுக் கட்டணம் கட்ட இயலாதவர்கள் மூன்றாவது சனிக்கிழமைக்கு மட்டும் 150 ரிங்கிட் கட்டிச் சேர முடியுமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். இடம் இருந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆறு அறைகளும் நிரம்பினால்தான் சுற்று தடையின்றி நடக்கும் என்பதால், ஒரு வாரம் முன்னதாகவே பெயர் கொடுத்து வைக்கச் சொல்கிறார்கள்.